வீடு தேடி வரும் மர அறுவை யந்திரம்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



வீட்டு மரம் ஒன்று விழுந்தால் வீட்டாருக்கு முதலில் உண்டாவது துக்கம். அடுத்தபடி உண்டாவது, இதை எப்படி அப்புறப்படுத்துவது என்னும் கவலை. இந்த மரத்துக்கு விலை உண்டு என்னும் எண்ணம் மூன்றாவதாகத் தோன்றும்; அது தோன்றுவதற்குள் மரம் அநேகமாக வண்டியேறிப் போயிருக்கும். இன்றைய விஷயம் அந்த மூன்றாவது எண்ணத்தைப் பற்றியது. மரம் கிடக்கும் இடத்துக்கே அறுவை யந்திரத்தைக் கொண்டுபோய், உடையவர் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் தொழிலை ஒரு கிராம ஐக்கிய சங்கம் எவ்வாறு ஏற்று நடத்தலாம், எங்கே ஏமாறக்கூடும், எவற்றை முன்னதாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று ஆராய்வதே இதன் நோக்கம்.

2016-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி வர்தா என்னும் புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு பகற்பொழுதிற்குள் பட்டணத்துச் சாலைகளிலும் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. வழியை அடைத்துக் கிடந்தவற்றைத் துண்டு துண்டாக வெட்டி ஒதுக்குவதே அன்றைய அவசர வேலையாயிற்று. இன்ன மரம் பலகைக்கு ஆகும், இன்ன மரம் விறகுக்கு ஆகும் என்று நின்று பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை.

அத்தகைய ஒரு புயலின் மறுநாள், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையை மனத்தில் கொள்க. ஐம்பது வருஷத்து வேப்பமரம் ஒன்று மதிற்சுவரின்மேல் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுக்குடையவள் ஒரு கைம்பெண். வாசலில் விறகுத் தொட்டிக்காரர் வந்து நின்று, "அம்மா, கவலைப்படாதீர்கள். இதை நானே வெட்டி எடுத்துக்கொண்டு போகிறேன். நீங்கள் கூலி ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்கிறார். அவ்வம்மாளுக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றுகிறது. "நல்லது அப்பா, இன்றைக்கே எடுத்துவிடு" என்கிறாள். அம்மரத்தின் அடிப்பாகம் நாலடிச் சுற்றளவு. கோணலில்லாத நீளம் பத்தடி. ஒரு கதவு நிலைக்கும் இரண்டு பெஞ்சுகளுக்கும் போதிய சட்டமும் பலகையும் அதில் இருந்தன. ஆறு மாதம் சென்று அவளே மகளுடைய கலியாணத்துக்குக் கட்டில் செய்விக்க மரக்கடைக்குப் போய்க் கன அடிக் கணக்கில் பணம் எண்ணிக் கொடுக்கிறாள். தொட்டிக்காரர் செய்தது திருட்டு அன்று. அவர் கேட்டார், அவள் கொடுத்தாள். குறை யாதெனில், அவளுக்கு வேறொரு வழி வாசலில் வந்து நிற்கவில்லை.

கிராமத்தாருக்குப் பட்டணத்துப் பேட்டையின் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில், சுங்குராமச் செட்டியார் என்னும் பெரிய வர்த்தகருக்குரிய தோட்டமாய் இருந்த நிலத்தில், 1734-ம் வருஷத்தில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவருடைய காலத்தில் உண்டாக்கப்பட்டது சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர், நூற்போர், சாயமெழுதுவோர், வெளுப்போர் முதலியவர்களை ஓரிடத்தில் குடியேற்றிக் கம்பெனியாருக்கு வேண்டிய துணிகளை நெய்விப்பதே அதன் நோக்கம். சின்னத் தறிப் பேட்டை என்பதே இப்பெயராய்த் திரிந்ததென்று கூறுவர். தொழிலாளரையும் கருவிகளையும் ஓரிடத்தில் சேர்த்து, மூலப்பொருளை அங்கே வரவழைக்க வேண்டுமென்பது அந்தக் காலத்து யோசனை. தறிக்கு அது பொருந்தும். நூற்கட்டை ஒருவன் தலையில் சுமந்து வருவான். மரத்துக்கு அது பொருந்தாது. மேலே சொன்ன பத்தடி வேப்பந்துண்டு பச்சையாய் இருக்கும்போது 300 கிலோவுக்கு மேற்பட்ட எடை கொண்டது. அதைக் குறுகிய சந்திலிருந்து வெளியே கொண்டுவர ஆள், பாரந்தூக்கி, லாரி ஆகிய மூன்றும் வேண்டும். அந்தச் செலவைக் கேட்டவுடனே உடையவர் மனம் சோர்ந்துவிடுகிறது. அறுவை ஆலைகள் உள்ள பட்டணத்திலேயே இப்படியானால், ஆலை இருபது மைலுக்கு அப்பால் உள்ள கிராமத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னோர் வழக்கம்

வாள் மரத்தைத் தேடி வருவது புதிய யோசனை அன்று. யந்திர ஆலைகள் பெருகுவதற்கு முன் மரம் அறுப்போர் இருவர் இருவராய்ச் சேர்ந்து, நீண்ட வாளைத் தோளில் வைத்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர் வாசலுக்கே வருவார்கள். மரத்தைக் குறுக்குக் கால்களின்மேல் ஏற்றியோ குழியின்மேல் கிடத்தியோ, கரியில் தோய்த்த நூலை அடித்துக் கோடிடுவார்கள். ஒருவன் மேலே நிற்பான், ஒருவன் கீழே நிற்பான். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை பலகை விழுந்தது, எவ்வளவு கனம், எந்தத் துண்டு வெடித்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேலை மெதுவானது, கூலியாட்களின் உடல் தேய்வதும் மெய்யே. ஆயினும் அதில் ஒரு நன்மை இருந்தது. மரம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆகையால் அளவில் மோசம் போக இடமில்லை.

ஆலைகள் வந்தபின் வேகம் வந்தது. அந்தக் காவல் போயிற்று. இக்காலத்தில் பெட்ரோல், டீசல் அல்லது மின்சாரத்தால் ஓடி, ஒரு சிறு மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க அறுவை யந்திரங்கள் கிடைப்பதால், வேகத்தையும் காவலையும் ஒருங்கே பெற வழி உண்டாகியிருக்கிறது.

யந்திரத்தின் வகைகள்

இவை மூன்று வகைப்படும். முதலாவது பட்டை வாள். இரண்டு சக்கரங்களின்மேல் முடிவில்லாத எஃகுப் பட்டையாய்ச் சுழலும் மெல்லிய வாள் இது. மரம் அசையாமல் கிடக்க, வாள் பூட்டிய தலைப்பாகம் தண்டவாளத்தின்மேல் நகர்ந்து அறுத்துச் செல்லும். அமெரிக்காவில் இந்தியானாபொலிஸ் நகரத்து வுட்-மைசர் கம்பெனி 1982-ம் வருஷம் முதல் இவ்வகையைச் செய்து உலகெங்கும் பரவச் செய்தது. இரண்டாவது திருப்பு வட்டவாள். ஒரே வட்டவாள் படுக்கையாகவும் நெடுக்காகவும் திரும்பி, மரத்தைப் புரட்டாமலே சட்டங்களாக எடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1994-ம் வருஷத்தில் தொடங்கிய லூக்காஸ் யந்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. நகர்த்த முடியாத பெருமரத்துக்கு இது ஏற்றது. மூன்றாவது, மரம் வெட்டும் சங்கிலி வாளையே ஒரு சட்டத்தில் பூட்டிப் பலகை எடுப்பது. விலை மிகக் குறைவு; ஒருவர் கையில் தூக்கிச் செல்லலாம்; யந்திரம் நுழையாத சந்திலும் நுழையும். ஆனால் வேலை மெதுவாய் நடக்கும். மரம் அதிகம் தூளாகும்.

தூளாவது எவ்வளவு என்பதை அற்பமாக எண்ணக்கூடாது. வாள் ஒருமுறை ஓடினால் அதன் பற்களின் அகலமளவு மரம் தூளாய்ப் போகிறது. மெல்லிய பட்டை வாளில் இது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். வட்டவாளில் 5 அல்லது 6. சங்கிலி வாளில் 8-க்கும் மேல். ஒரு மரத்தில் பத்து அறுப்பு விழுந்தால், 6 மில்லிமீட்டர் வாளில் 60 மில்லிமீட்டர் தூளாகும். 2 மில்லிமீட்டர் வாளில் 20 மட்டுமே ஆகும். மிச்சம் 40 மில்லிமீட்டர். ஓர் அங்குலப் பலகை ஒன்றும், அதற்குமேல் அரைப் பலகைக்கு மேற்பட்ட மரமும் உடையவருக்கு அதிகம் கிடைக்கிறது. நல்ல ஜாதி மரமானால் அறுப்புக் கூலியில் ஒரு பங்கு இந்த மிச்சத்திலேயே அடைந்துவிடும்.

சங்கம் மரத்தை வாங்கலாகாது

இனிச் சங்கத்தார் முதன்முதல் செய்துகொள்ள வேண்டிய தீர்மானம் ஒன்று உண்டு. மற்ற விதிகளெல்லாம் இதற்குப் பின்னரே. சங்கம் அறுப்புக் கூலி வாங்கலாம். அறுக்க வந்த இடத்தில் மரத்தை விலைக்கு வாங்கலாகாது.

மரத்தை வாங்கி, அறுத்து, பலகையாக விற்றால் லாபம் அதிகமாயிற்றே என்று சில பஞ்சாயத்தார் நினைக்கக்கூடும். ஆனால் வாங்குபவனுக்கு மரத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதில் லாபம். அறுத்துக் கொடுப்பவனுக்கு உள்ள மதிப்பைச் சொல்வதில் நஷ்டமில்லை. இரண்டையும் ஒருவரே செய்தால், வேப்பமரத்தைப் பார்த்து "இது உளுத்தது அம்மா, விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லும் ஆசை எந்த நல்லவருக்கும் ஒருநாள் வந்தே தீரும். கூலி மட்டும் வாங்கும் சங்கத்துக்கு அந்த ஆசை வர இடமே இல்லை. மரம், பலகை, ஓரத்துச் சீவல்கள், மரத்தூள் யாவும் உடையவருக்கே சொந்தம் என்று உபவிதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும். உடையவர் பலகையை விற்க விரும்பினால், அவருக்காக விலை கேட்டுக் கொடுத்து வெளிப்படையான ஒரு சிறு தரகு பெறுவது வேறு விஷயம். அதுவும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த கடமை ஒன்றும் உண்டு. அறுக்கத் தகாத மரத்தை அறுக்க வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். வேம்பு பூச்சிக்குச் சுலபத்தில் இடங்கொடாது. கதவுக்கும் பெட்டிக்கும் நல்லது. பூவரசு சாமான்களுக்கும் வண்டிக்கும் சிறந்தது. பலா கதவுக்கும் வாத்தியங்களுக்கும் ஏற்றது. புளி கடினமானது, இறைச்சியும் மீனும் வெட்டும் கட்டைக்கு அதையே தேடுவர், ஆகையால் மீன் அங்காடியுள்ள சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடத்தில் புளியந்துண்டைப் பலகையாக்குவதைவிட வட்டமாக அறுத்துக் கொடுப்பதே நலம். தூங்குமூஞ்சியில் அகன்ற பலகை கிடைக்கும். உள்வயிரம் கறுத்து அழகாய் இருக்கும். வெளிவெண்மையைப் பூச்சி அரிக்கும். மா மட்டமான சாமான்களுக்கே உதவும். செம்மயிற்கொன்றை விறகுதான். இதை அறுக்கச் சொல்லி ஒருவர் பணம் நீட்டினாலும் வாங்காமல் திரும்புகிற சங்கத்தையே அடுத்த தெருவார் அழைப்பார்கள்.

அளவு

அறுப்பதற்கு முன் மரத்தையும், அறுத்தபின் பலகையையும் உடையவர் எதிரில் அளக்க வேண்டும். உருண்டை மரத்துக்கு வழக்கமான கணக்கு கால் சுற்றளவுக் கணக்கு. நடுமரத்தின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடியானால், கால் சுற்றளவு 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்க 144. ஆகவே 10 கன அடி. உண்மையில் அந்த உருளையின் கன அளவு 12¾ அடிக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஓரத்துக் கழிவுக்காக விடப்பட்டது. இதை அறியாதவர் வாங்கும்போது ஒரு கணக்கிலும் விற்கும்போது வேறு கணக்கிலும் ஏமாறுவார். சங்கத்து ஆள் சீட்டில் எந்தக் கணக்கென்று எழுதியே கொடுக்க வேண்டும்.

நேரான நல்ல மரத்தில் மொத்தக் கன அளவில் பாதியோ அதற்குச் சற்று மேலோ பலகையாகத் தேறும். கோணல் மரத்தில் அதுவும் தேறாது. இதை அறுப்பதற்கு முன்னரே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை. சீட்டில் மரத்தின் பெயர், சுற்றளவு, நீளம், பலகைகளின் எண்ணிக்கை, கனம், அகலம், கூலி, உடையவர் கையொப்பம் இவ்வளவும் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சங்கத்தில்.

கூலிக் கணக்கு

கூலியை அக்கம்பக்கத்து ஆலையைப் பார்த்து நிர்ணயிக்கலாகாது. சங்கத்தின் சொந்தச் செலவைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் உதாரணம் கொள்க. யந்திரமும் இழுவண்டியும் சேர்ந்து 8,00,000 ரூபாய். பத்து வருஷம் உழைக்குமென்றால் தேய்மானம் வருஷத்துக்கு 80,000. கடனுக்கு வட்டி நூற்றுக்கு 9 வீதம் 72,000. ரிப்பேரும் இன்ஷியூரன்ஸும் 48,000. ஆக, யந்திரம் கொட்டகையில் தூங்கினாலும் வருஷச் செலவு 2,00,000 ரூபாய்.

வேலை நாளில் ஓட்டுபவர், இரண்டு உதவியாட்கள், எரியெண்ணெய், வாள் தீட்டுதல், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 5,500 ரூபாய் என்க. வருஷத்தில் 100 நாள் வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு நிலைச் செலவில் 2,000 விழும், மொத்தம் 7,500. அன்றைக்கு 75 கன அடி அறுத்தால் கன அடிக்கு அடக்கம் 100 ரூபாய். வேலை 50 நாளே கிடைத்தால் நிலைச் செலவு 4,000 ஆகி, அடக்கம் ஏறக்குறைய 127 ரூபாயாகும். 100 நாள் கிடைத்தும் யந்திரம் சிறு சிறு வேலைக்கு அலைந்து நாளொன்றுக்கு 50 கன அடியே அறுத்தால், அடக்கம் 150 ரூபாய். இவற்றால் விளங்குவது யாதெனில், வேலையில்லா நாளைவிட அலைச்சல் நாளே அதிக நஷ்டம் தரும்.

அலைச்சலைக் குறைக்க வழி, மனுக்களைச் சேர்த்து வைப்பதே. ஒரு திக்கிலுள்ள மூன்று நாலு வீட்டாரின் மரங்களை ஒரே வாரத்தில் முறைப்படுத்தி, ஒரு தெருவின் மையத்தில் யந்திரத்தை நிறுத்தலாம். மிகச் சிறிய வேலைக்கும் அரைநாள் கூலி உண்டென்று முன்னதாகவே விளம்பரப்படுத்த வேண்டும். ஒரு கிராமத்தில் 100 நாள் வேலை கிடையாது என்பது முதற்கணக்கிலேயே தெரியும்; ஆகையால் நாலைந்து சங்கங்கள் கூடி ஒரு யந்திரத்தை வைத்துக்கொள்வதே உசிதம். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களானால் முறை யாருடையது என்னும் வழக்கு வரும்; அதற்கும் ஏட்டில் வரிசை எண் இருக்க வேண்டும். தலைவர் வீட்டு மரமும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பழைய வீடுகளை இடிக்கும் இடங்களிலும் இந்த யந்திரத்துக்கு வேலை உண்டு. சிந்தாதிரிப்பேட்டை போன்ற பழைய பேட்டைகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் மச்சு முறையில் கட்டிய வீடுகளில், நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாகச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். அக்கட்டைகள் தலைமுறைகள் கடந்தும் வயிரம் கெடாமல் இருப்பதுண்டு. இடித்த வீட்டிலேயே அவற்றை மறுபடி அறுத்துப் புதிய வீட்டு நிலைக்கும் ஜன்னலுக்கும் ஆக்கிக்கொள்ளலாம். கிராமத்து ஓட்டு வீடுகளின் விட்டங்களும் உத்தரங்களும் இவ்வாறே. ஆனால் பழைய மரத்தில் ஆணி உண்டு. வீதியோரத்து மரத்திலும் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் மறைந்து கிடக்கும். ஓர் ஆணி ஒரு வாளைக் கெடுக்கும். உலோகம் காட்டும் சிறு கருவியால் மரம் முழுவதையும் தடவிப் பார்த்த பிறகே வாளை ஓட்ட வேண்டும். அதற்கும் தப்பிய ஆணியால் வாள் கெட்டால் அதன் விலை யாரைச் சேர்ந்தது என்பது வேலை தொடங்குமுன் சீட்டில் எழுதப்பட வேண்டும். இத்தகைய மரத்துக்குக் கன அடிக் கூலியை விட மணிக் கூலியே இருபுறத்தாருக்கும் நியாயமானது.

அபாயமும் ஜாக்கிரதையும்

ஆலையில் நடக்கும் வேலையை வீட்டு வாசலில் நடத்தும்போது ஆலைக்கில்லாத அபாயங்கள் சில உண்டு. வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். மரத்துக்குடையவர் அன்பு மிகுதியால் பலகையைப் பிடிக்கக் கை நீட்டுவார். வாளைச் சுற்றிக் கயிறு கட்டி எல்லை வகுக்க வேண்டும். எல்லைக்குள் சங்கத்து ஆட்கள் தவிர ஒருவரும் வரலாகாது. வேஷ்டி, மேல்துண்டு, தளர்ந்த சட்டை இவற்றோடு வாளருகே நிற்பது உயிருக்கு உலை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்குத் துணி, காலுக்குக் கனத்த பூட்ஸ் ஆகிய நான்கும் சங்கச் செலவில் வாங்கப்பட வேண்டும். வாளை மாற்றும்போதும் சிக்கிய துண்டை எடுக்கும்போதும் யந்திரத்தை முழுதும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் விரல் போவது ஓடும் வாளை ஒரு நிமிஷம் என்று எண்ணித் தொடுவதனாலேயே. ஆட்களுக்கு விபத்து இன்ஷியூரன்ஸ் எடுக்காமல் முதல் மரத்தைத் தொடலாகாது. பள்ளிக்கூடமோ நோயாளியோ அருகிலிருந்தால் நேரத்தைக் கேட்டறிந்து வேலை செய்வது நாகரிகம்.

அறுத்த பலகையை அன்றே வெயிலில் போட்டால் வெடித்தும் முறுக்கியும் பாழாகும். நிழலில், செங்கல்லின்மேல், இரண்டடிக்கு ஒன்றாக இடைக்கட்டை வைத்து, அவ்விடைக்கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்கும்படி அடுக்க வேண்டும். முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசுக. பூச்சி அரிக்கும் ஜாதியானால், பச்சைப் பலகையையே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் நனைப்பது பலன் தரும். இவற்றைச் சொல்லிக் கொடுத்து, முதல் அடுக்கைத் தாங்களே அடுக்கிக் காட்டிவிட்டுத்தான் சங்கத்து ஆட்கள் திரும்ப வேண்டும். அறுப்பு நன்றாயிருந்தும் அடுக்கு கெட்டால் பழி சங்கத்துக்கே வரும்.

சர்க்கார் விதிகள்

சாலை மரமும் புறம்போக்கு மரமும் வீட்டுக்காரருடையவை அல்ல. வாசலில் விழுந்ததனாலேயே அவை அவருக்குச் சொந்தமாகிவிடா. சந்தன மரத்தை வனத்துறையின் அநுமதியின்றித் தொடவே கூடாது. மற்றச் சில ஜாதி மரங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகவும் அநுமதிச் சீட்டு தேவைப்படும். அறுவை ஆலைகளைப் பற்றியும் கண்டிப்பான ஏற்பாடு உண்டு. காடுகளைக் காக்கும் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 2002-ம் வருஷம் அக்டோபர் மாதம் 30-ந் தேதி, தாங்கள் நியமித்த மத்தியக் கமிட்டியின் அநுமதியின்றி எந்த ராஜ்யமும் புதிய ஆலைக்கு இடங்கொடுக்கலாகாதென்று உத்தரவிட்டார்கள். பின்னர் 2016-ம் வருஷத்து இந்திய சர்க்கார் விதிமுறைகளால் அவ்விஷயம் ராஜ்யத்துக் கமிட்டிகளின் கைக்கு வந்தது. ஆகையால், நகரும் யந்திரமாயிற்றே என்று அசட்டையாயிராமல், யந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஜில்லா வன அதிகாரிக்கு எழுதி, எழுத்திலேயே பதில் பெற்று, அதை மகாசபைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

தென்னந்தோப்புகளுக்குக் கற்பித்த பாடம்

இதுவரை சொன்னது ஒரு மரம் விழுந்த வீட்டைப் பற்றி. தோப்பே விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் காவேரி டெல்டா ஜில்லாக்கள் கண்டன. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு முதலிய இடங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. சர்க்கார் அறிவித்த நிவாரணத்தைக் கவனிக்க வேண்டும். தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. இழந்த மரத்தின் ஈட்டில் பாதியளவு அதை அகற்றவே வேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும். அகற்றாமல் விடவும் முடியாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நிமிர்ந்து நிற்கும் மிச்ச மரங்களையும் கெடுக்கும்.

அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன், 2013-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி, பிலிப்பைன் தீவுகளில் ஹையான் என்னும் பெரும்புயல் சுமார் 3 கோடியே 30 லட்சம் தென்னைகளைச் சேதப்படுத்தியது. அங்கே சங்கிலி வாள்களும் சிறு அறுவை யந்திரங்களும் தோப்புகளுக்கே கொண்டுசெல்லப்பட்டன. விழுந்த தென்னையிலிருந்தே வீடிழந்தோருக்குச் சட்டமும் பலகையும் அறுக்கப்பட்டன. தென்னை அறுப்பில் சில நுணுக்கங்கள் உண்டு. அதன் வயிரம் உள்ளே இல்லை, வெளிப்புறத்தில் இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் அடித்தண்டில் வெளிப்புறம் எடுத்த சட்டம் கைமரத்துக்கும் தூணுக்கும் ஆகும். நடுப்பாகம் தடுப்புப் பலகைக்கு ஆகும். உட்சோறு பாரம் தாங்காது. மூன்றையும் கலந்து அடுக்கினால் வீடு கட்டினவர் கெட்டார். சாதாரணப் பற்கள் விரைவில் மழுங்கும். கடினமான உலோகமுனை பதித்த பற்கள் வேண்டும். ஈரம் மிகுதியாதலால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும்; அறுத்தவுடன் மருந்தில் நனைத்து அடுக்க வேண்டும். இளந்தென்னை அறுப்புக்கு ஆகாது. இவற்றை அறிந்த ஆளும், தயாரான யந்திரமும், ஏட்டில் வரிசையும் புயலுக்கு முன்னரே இருந்தால்தான் புயலுக்குப் பின் பயன்படும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியாது.

யந்திரம் ஒன்றையே நம்பினவர்களின் அநுபவமும் தெரிந்திருக்க வேண்டும். பாப்புவா நியூகினித் தீவில் 1980-களில் காட்டுக்குடையவர்களான கிராமத்தாருக்கென்றே ஒரு சிறு யந்திரத்தைச் செய்து, அவர்கள் மொழியில் வோக்கபௌட் சோமில், அதாவது நடந்து வரும் ஆலை என்று பெயரிட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்குக் காட்டைக் குத்தகைக்கு விடாமல் கிராமத்தாரே அறுத்து விற்கலாமென்பது அதன் உத்தேசம். உத்தேசம் மிக நன்று. ஆயினும் அநேக கிராமங்களில் யந்திரங்கள் சில காலத்திலேயே நின்றுபோயின. பழகிய ஆள் இல்லை, உதிரிச் சாமான் கிட்டவில்லை, கணக்கு எழுதுவாரில்லை, பலகை வாங்குவாரை முன்னதாகத் தேடவில்லை. இரும்பு கெடுவதற்கு முன்பே ஏற்பாடு கெட்டது.

முடிவு

இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 1844-ம் வருஷத்தில் 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தபோது அவர்கள் புதிதாக ஒரு யந்திரமும் கண்டுபிடிக்கவில்லை. கலப்பற்ற மாவும் குறையாத நிறையும் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். அதிலிருந்து உலகத்து ஐக்கிய இயக்கம் வளர்ந்தது. இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் 1904-ம் வருஷத்தில் பிறந்தது. அவ்வருஷத்திலேயே அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம நாணய சங்கமும், சிந்தாதிரிப்பேட்டைக்கு அணித்தான திருவல்லிக்கேணியில் நகர ஐக்கிய சங்கமும் தோன்றின. அவற்றின் மூலதனம் அற்பமே. அளவிலும் கணக்கிலும் உறுப்பினர் வைத்த நம்பிக்கையே பெரிய முதல்.

மர அறுவைத் தொழிலும் அவ்வாறே. மகாசபையில் தீர்மானிக்க வேண்டியவை ஐந்து: சங்கம் மரம் வாங்காமல் கூலி மட்டுமே பெறும், அளவு உடையவர் எதிரில் நடக்கும், கூலி அடக்கத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படும், ஆட்களின் பழக்கமும் பாதுகாப்பும் யந்திரத்துக்கு முன் வரும், வன அதிகாரியின் எழுத்துக் கைக்கு வராமல் முன்பணம் போகாது. இவ்வைந்தும் ஏட்டில் ஏறிய பிறகே ஜில்லா மத்திய ஐக்கிய பாங்கியில் கடன் மனு எழுதலாம். முதல் வருஷம் ஒரு யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி, எத்தனை வீட்டார் அழைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது அதனினும் புத்திசாலித்தனம்.

அடுத்த புயல் எந்த வருஷம் வரும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வரும் என்பது மட்டும் நிச்சயம். அன்று கொல்லையில் வேம்பு சாய்ந்து கிடக்கும் ஒரு வீட்டின் வாசலில் விறகுத் தொட்டிக்காரர் வந்து நிற்பார். அவர் நிற்பதில் தவறில்லை. அவருக்குப் பக்கத்தில் அளவுகோலும் சீட்டுப் புத்தகமுமாய்ச் சங்கத்து ஆளும் நின்று, "அம்மா, இது பத்துக் கன அடி மரம். விற்பதானாலும் அறுப்பதானாலும் உங்கள் இஷ்டம், மதிப்பைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்" என்று சொல்வாரானால், சங்கம் தன் வேலையைச் செய்ததாகும்.